சேப்பாக்கத்து வேகம் – 5: இரண்டு கப்பல்கள்

இதுவரை: செங்கல்பட்டுச் சீமையின் மொரப்பாக்கத்தில் 1909-இல் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர் எம். ஜே. கோபாலன். சென்னை கிரிக்கெட்டின் பெரிய மனிதரான சி. பி. ஜான்ஸ்டனின் கண்ணில் பட்டார்; பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைத்தது. அலங்காநல்லூர் வாடிவாசலில் காளைகள் சீறும் அதே பொங்கல் நாட்களில், சேப்பாக்கத்தில் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதும் பிரசிடென்சி மேட்ச் நடக்கும். அங்கே அவர் வேகப்பந்துக்கென்றே கூட்டம் சேர்ந்தது. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். அடுத்த மாதமே சேப்பாக்கம் தன் முதல் டெஸ்டைக் கண்டது. சொந்த மைதானம், சொந்த ஜனம். ஆனால் அணியில் கோபாலன் பெயர் இல்லை.

அந்தக் காயம் ஆறும் முன்பே இன்னொரு பெருமை வந்தது. 1934 நவம்பர் 4, மைசூருக்கு எதிரான ஆட்டம். ரஞ்சிக் கோப்பையின் வரலாற்றிலேயே முதல் பந்தை வீசியவர் கோபாலன். சுழற்பந்தில் ஏ. ஜி. ராம்சிங் பதினோரு விக்கெட்டுகளைச் சாய்க்க, மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது.

இனி, அவர் வாழ்க்கையைப் பிளந்துபோட்ட ஆண்டுக்கு வருவோம்.

*

கையில் இன்னொரு கோல்

1935. கோபாலன் கடல் கடந்தார். கிரிக்கெட் மட்டையோடு அல்ல, ஹாக்கி மட்டையோடு.

அந்த ஆண்டு இந்திய ஹாக்கி அணி நியூசிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனது. கேப்டன் தியான் சந்த். கூடவே அவர் தம்பி ரூப் சிங். அந்த அணியில் சென்னையிலிருந்து போன ஹாஃப் பேக் கோபாலன்.

அந்தப் பயணத்தின் கணக்கை இன்றைக்குப் படித்தாலும் கண் விரியும். 48 ஆட்டங்கள். நாற்பத்தெட்டிலும் வெற்றி. அணி போட்ட கோல்கள் 584. அதில் தியான் சந்த் மட்டும் 201. அடிலெய்டில் டான் பிராட்மன், தியான் சந்தைச் சந்தித்தார். உலகின் மிகச் சிறந்த மட்டையாளர், உலகின் மிகச் சிறந்த ஹாக்கி வீரரோடு கை குலுக்கிய நாட்கள் அவை.

கோபாலன் அந்தப் படையில் ஒருவர். பந்தைப் பறித்து முன்வரிசைக்குத் தள்ளிவிடுவது ஹாஃப் பேக்கின் வேலை. கோல் போட்டவர் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். பந்து எங்கிருந்து வந்தது என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் அந்த இடத்தில் ஆள் சரியில்லை என்றால் தியான் சந்தின் காலடிக்குப் பந்தே வராது.

ஊர் திரும்பியபோது கோபாலனுக்கு வயது 26. இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்காக ஆடியவர் என்ற பேர் வந்துவிட்டது. சென்னையில் அவருக்கு முன் அந்தப் பெருமை பெற்றிருக்கக்கூடிய ஒருவர் உண்டு: கோட்டா ராமசாமி. சென்னை கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சி பாபு நாயுடுவின் மகன். 1922-இல் டேவிஸ் கோப்பையில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடியவர். கிரிக்கெட்டில் அவருக்கு டெஸ்ட் வாய்ப்பு இன்னும் வரவில்லை. அவர் பெயர் இந்தக் கதைக்குள் மறுபடி வரும், நினைவில் வையுங்கள்.

*

ஒரே கோடையில் இரண்டு அழைப்புகள்

1936 பிறந்தது.

அந்த ஆண்டு பெர்லினில் ஒலிம்பிக். 1928-இல் ஆம்ஸ்டர்டாம், 1932-இல் லாஸ் ஏஞ்சலஸ் என்று இரண்டு முறை தங்கம் வென்ற இந்திய ஹாக்கி, மூன்றாவது தங்கத்துக்கு ஆள் பொறுக்கிக்கொண்டிருந்தது. முந்தைய ஆண்டு தியான் சந்தோடு 48 ஆட்ட வெற்றிப் பயணம் போய்வந்த கோபாலனுக்குத் தேர்வு ஆட்டங்களுக்கு அழைப்பு வந்தது.

அதே கோடையில் இந்திய கிரிக்கெட் அணி இங்கிலாந்து போகிறது. மூன்று டெஸ்டுகள். அந்தப் பயண அணியிலும் கோபாலனுக்கு இடம் இருந்தது.

இரண்டுக்கும் போக முடியாது. மே மாதமே கிரிக்கெட் பயணம் தொடங்கிவிடும்; கடைசி டெஸ்டே ஆகஸ்டில்தான். பெர்லின் ஆகஸ்டில். கப்பலில் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும் காலம் அது.

கோபாலன் ஹாக்கித் தேர்வுக்குப் போகவில்லை. இங்கிலாந்துக் கப்பலைத் தேர்ந்தெடுத்தார்.

பின்னால் வந்தவர்கள் இந்த முடிவைச் சொல்லி உச்சுக்கொட்டாமல் இருந்ததில்லை. கையில் விழ வேண்டிய தங்கத்தை விட்டுவிட்டார் என்பார்கள். ஆனால் விளைவு தெரிந்தபின் சொல்லும் புத்திமதி யாருக்கும் உதவாது. 1936-இன் தொடக்கத்தில் நின்று பார்ப்போம்.

முதல் காரணம், கிரிக்கெட்டில் அவர் கணக்கு பாதியிலேயே நின்றிருந்தது. ஒரு டெஸ்ட். இரண்டு இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 11, பிறகு 7. ஒரு விக்கெட். அதோடு சேப்பாக்கத்தில் வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். வேகப்பந்து வீச்சாளன் எவனுக்கும் அந்தப் பாக்கி உறுத்தும். ஹாக்கியிலோ உலகின் மறுகோடி வரை போய் ஒரு தோல்வியும் இல்லாமல் திரும்பியிருந்தார்.

இரண்டாவது, ஊரின் மதிப்பீடு. ஹாக்கியில் நாம் உலக சாம்பியன்கள். கிரிக்கெட்டில் அதுவரை ஆடிய நான்கு டெஸ்டுகளில் ஒன்றிலும் வெல்லவில்லை. ஆனாலும் மகாராஜாக்கள் பணம் கொட்டியது கிரிக்கெட்டில்தான். கவர்னர் வந்து உட்கார்ந்து பார்த்ததும் அதைத்தான். லார்ட்ஸ் மைதானத்தில் பந்து வீசினேன் என்று ஒருவர் சொன்னால் சபையே திரும்பிப் பார்க்கும். ஹாக்கி ஜெயித்தது, கிரிக்கெட் மதிக்கப்பட்டது.

மூன்றாவது, அவருடைய ஏணி. ஜான்ஸ்டன் கிரிக்கெட் ஆள். வேலையும் பேரும் அந்த வழியாகவே வந்தன. கிரிக்கெட் சோறு போடாத காலம் அது. ஆனால் கிரிக்கெட் ஆடத் தெரிந்தவனுக்கு நல்ல கம்பெனியில் வேலை கிடைத்தது. கிராமத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் அல்ல.

கோபாலனின் மனதுக்குள் எந்தத் தட்டு எவ்வளவு தாழ்ந்தது என்பது அவரோடு போய்விட்டது. வெளியே தெரிந்த நிலைமை இதுதான். இந்த நிலைமையில் அவர் எடுத்தது முட்டாள்தனமான முடிவு என்று எப்படிச் சொல்வது?

முடிவு அவர் கையில் இருந்தது. அதன் பலன் வேறொருவர் கையில் இருந்தது.

*

36 பெட்டிகளோடு ஒரு கேப்டன்

அந்த வேறொருவர் விஜயநகரம் மகராஜ்குமார். கிரிக்கெட் உலகம் அவரை ‘விஸ்ஸி’ என்று அழைத்தது.

அணியில் சி. கே. நாயுடு இருந்தார். இந்தியாவின் முதல் டெஸ்ட் கேப்டன். நிசார், அமர் சிங், மெர்ச்சன்ட், முஷ்டாக் அலி, அமர்நாத் என்று எந்த நாட்டையும் மிரட்டக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். ஆனால் கேப்டன் பதவி செல்வாக்கினால் விஸ்ஸிக்குப் போனது. அவர் 36 பெட்டிகளோடும் இரண்டு வேலைக்காரர்களோடும் கப்பல் ஏறினார்.

அணி இரண்டாகப் பிளந்தது. நாயுடுவை மதிப்பவர்கள் ஒரு பக்கம். கேப்டனின் தயவை நாடியவர்கள் ஒரு பக்கம். யார் எந்த வரிசையில் ஆடுவது, யார் வெளியே உட்காருவது என்பதெல்லாம் ஆட்டத் திறமையை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படவில்லை.

ஜூன் மாதம் புண் வெடித்தது.

லாலா அமர்நாத் அந்தப் பயணத்தில் உச்சத்தில் இருந்தார். எசெக்ஸுக்கு எதிராக இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்திருந்தார். லார்ட்ஸில் மைனர் கவுன்டீஸ் அணியோடு நடந்த ஆட்டத்தில், கால்காப்பு கட்டித் தயாராக இருந்த அவரைத் தள்ளிவைத்துவிட்டு வேறு ஆட்களை முன்னே அனுப்பினார்கள். அமர்நாத் கோபத்தில் வெடித்தார். மேனேஜர் மேஜர் பிரிட்டன்-ஜோன்ஸும் கேப்டனும் சேர்ந்து அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். முதல் டெஸ்ட் இன்னும் தொடங்கக்கூட இல்லை. இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தவர் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார்.

அணியில் இருந்த ஒவ்வொருவருக்கும் பாடம் புரிந்தது. அமர்நாத்துக்கே இந்தக் கதி என்றால், ஒரு டெஸ்ட் மட்டும் ஆடிய சென்னைக்காரனுக்குக் குரல் ஏது?

*

ஜூன் 27

இந்தத் தேதியில் கொஞ்சம் நிற்போம்.

1936 ஜூன் 27, சனிக்கிழமை. லார்ட்ஸில் முதல் டெஸ்ட் தொடங்கியது. பதினொருவர் பட்டியலில் கோபாலன் இல்லை.

அதே நாள் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘ரன்புரா’ என்ற கப்பல் கிளம்பியது. அதில் இருந்தது தியான் சந்தின் ஹாக்கி அணி. நெருக்கடியான இரண்டாம் வகுப்பு அறைகள். மார்செய்யில் இறங்கியபின் ரயிலில் மூன்றாம் வகுப்பு. ஜூலை 13-இல் பெர்லின் சேர்ந்தார்கள். மூன்றாவது தங்கம் தேடிப் போன உலக சாம்பியன்களுக்கு நாடு கொடுத்த வசதி அவ்வளவுதான். கிரிக்கெட் கேப்டனின் 36 பெட்டிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கோபாலன் காலத்து இளைஞனுக்கு எந்தக் கப்பல் பெரிதாகத் தெரிந்திருக்கும் என்பது விளங்கும்.

லார்ட்ஸில் என்ன நடந்தது? இந்தியா 147. பதிலுக்கு அமர் சிங் 35 ரன்களுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 134-க்குள் சுருட்டினார். இந்தியா முன்னிலை! ஆனால் இரண்டாவது இன்னிங்ஸில் 93-க்கு விழுந்து, ஒன்பது விக்கெட்டில் தோற்றது.

இங்கே கோபாலனுக்கு எதிரான நியாயத்தையும் சொல்ல வேண்டும். நிசாரும் அமர் சிங்கும் அன்றைய உலகின் தலைசிறந்த தொடக்க வீச்சு ஜோடிகளில் ஒன்று. அமர் சிங் அப்போது லங்காஷயர் லீக்கில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். டெஸ்டுக்கு வந்து சேர்ந்துகொண்டார். மூன்றாவதாகக் கேம்பிரிட்ஜ் மாணவர் ஜஹாங்கிர் கான். இந்த மூவரையும் தாண்டி நான்காவது வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். திறமையில் தோற்று வெளியே உட்கார்ந்தால் அதில் அவமானம் இல்லை.

ஜூலை 25-இல் மான்செஸ்டர் ஓல்ட் டிராஃபோர்டில் இரண்டாவது டெஸ்ட். மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்து ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். அந்த ஆட்டத்தில் சென்னைக்காரர் ஒருவர் டெஸ்ட் தொப்பி அணிந்தார். கோபாலன் அல்ல, கோட்டா ராமசாமி. நாற்பது வயதில் முதல் டெஸ்ட். 40 ரன், பிறகு 60 ரன். சென்னையின் மூத்தவர் ஒருவர் கடைசியில் கரை சேர்ந்துவிட்டார். 27 வயதுக் கோபாலன் பெவிலியனில் இருந்தார்.

மிச்சம் ஒரு டெஸ்ட்.

*

ஆகஸ்ட் 15: இரண்டு மைதானங்கள்

மூன்றாவது டெஸ்ட் லண்டன் ஓவல் மைதானத்தில். 1936 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை.

இந்த முறை ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு இடம் காலியாக இருந்தது. வங்காளத்து ஷூட் பானர்ஜி காத்திருந்தார். கோபாலனும் காத்திருந்தார். தொப்பி பாகா ஜிலானிக்குப் போனது.

ஜிலானி திறமையில்லாதவர் அல்ல. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அவருடையது. ஆனால் அவர் எப்படி உள்ளே வந்தார் என்பது இந்திய கிரிக்கெட்டின் கசப்பான கதைகளில் ஒன்று. காலைச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னிலையிலும் சி. கே. நாயுடுவை அவமதித்துப் பேசியதற்குப் பரிசாகவே அவருக்கு அந்த டெஸ்ட் கிடைத்தது என்று அந்தப் பயணத்தைப் பற்றி எழுதியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். ஜிலானி அந்த ஆட்டத்தில் ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. அவர் ஆடிய ஒரே டெஸ்டும் அதுதான்.

அன்று ஓவலில் ஹாமண்ட் இந்தியப் பந்துவீச்சைப் பிளந்துகொண்டிருந்தார். அவர் 217, வொர்திங்டன் 128; இங்கிலாந்து 8 விக்கெட்டுக்கு 471. ஆட்டம் ஒன்பது விக்கெட் தோல்வியில் முடிந்தது.

அதே ஆகஸ்ட் 15. பெர்லின்.

ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டம் முதல் நாள் நடந்திருக்க வேண்டியது, மழையால் தள்ளிப்போனது. எதிரணி ஜெர்மனி. ஒலிம்பிக் தொடங்குமுன் ஜூலை 17-இல் நடந்த பயிற்சி ஆட்டத்தில் இதே ஜெர்மனி இந்தியாவை 4-1 என்று தோற்கடித்திருந்தது. அந்த அடி தியான் சந்தின் நெஞ்சில் இருந்தது.

ஆட்டத்துக்குமுன் உடைமாற்றும் அறையில், அணியோடு வந்த நிர்வாகி பங்கஜ் குப்தா ஒரு மூவர்ணக் கொடியை எடுத்தார். காங்கிரஸ் கொடி. வெள்ளைக்காரன் கொடியின் கீழ் ஆட வந்த வீரர்கள், தங்கள் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டுக் களத்தில் இறங்கினார்கள்.

தரை ஈரம். இடைவேளையில் இந்தியா 1-0. வழுக்குகிறது என்று தியான் சந்த் ஆணி வைத்த ஷூக்களைக் கழற்றி எறிந்தார். பிறகு கோல்கள் கொட்டின. முடிவு: இந்தியா 8, ஜெர்மனி 1. அந்த ஒலிம்பிக்கின் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் சேர்த்து இந்தியா விட்டுக்கொடுத்த ஒரே கோல் அது.

முந்தைய ஆண்டு கோபாலனோடு கப்பல் ஏறியவர்கள், ரயில் பிடித்தவர்கள், ஒரே தட்டில் கைபோட்டவர்கள், அன்று தங்கம் வென்று நின்றார்கள். வடகடலுக்கு இந்தப் பக்கம், தோற்றுக்கொண்டிருந்த ஓர் அணியின் பெவிலியனில், ஆட அழைக்கப்படாத ஆளாக அவர்.

*

தவறு யாருடையது?

1936 பயணத்தைக் கோபாலனின் துரதிர்ஷ்டமாக மட்டும் சொல்லி முடிப்பது அவருக்கும் வரலாற்றுக்கும் செய்யும் அநியாயம்.

அந்தப் பயணத்தின்போதே விஸ்ஸிக்குச் ‘சர்’ பட்டம் கிடைத்தது. மூன்று டெஸ்டுகளில் அவர் எடுத்த மொத்த ரன்கள் 33. மூன்றிலும் ஆடினார். மொரப்பாக்கத்துப் பையன் ஒன்றில்கூட ஆடவில்லை. ஒருவர் பிறப்பினாலும் பணத்தினாலும் களத்தில் நின்றார்; இன்னொருவர் உழைப்பினால் வாசல் வரை வந்து நின்றார். வாசலைத் திறப்பவர் முதலாமவர்.

ஹாக்கி அணியில் அந்த நோய் இல்லை. தியான் சந்த் ராணுவத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர். திறமையைப் பார்த்து அவரிடம் தலைமையைக் கொடுத்தார்கள். அணி ஒன்றாக நின்றது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், ஒரே நாளில் இரண்டு அணிகள் நடந்துகொண்ட விதம் இது. கோபாலன் தேர்ந்தெடுத்தது ஆட்டத்தை. அந்த ஆட்டத்தைப் பிடித்து வைத்திருந்தவர்களை அல்ல.

அமர்நாத் விவகாரத்தை விசாரிக்க பியூமான்ட் குழு அமைந்தது. 1937-இல் அவர் மீதான களங்கம் துடைக்கப்பட்டது. பெவிலியனில் உட்காரவைக்கப்பட்டவர்களுக்காக எந்தக் குழுவும் அமையவில்லை.

*

மூடிய கதவு

கோபாலன் ஊர் திரும்பினார். வயது 27. வேகப்பந்து வீச்சாளனுக்கு நல்ல வயது. இன்னும் நான்கைந்து வருடம் வேகம் குறையாது. அடுத்த டெஸ்ட் தொடர் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் நம்பியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஆனால் ஓவலில் அன்று முடிந்த ஆட்டத்துக்குப் பின் இந்தியா மறுபடி ஒரு டெஸ்ட் ஆட 1946 ஜூன் வரை காத்திருக்க வேண்டும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. நடுவில் உலகப் போர். பத்து ஆண்டுகள். 27 வயதில் தொப்பி கிடைக்காதவர், அடுத்த வாய்ப்பு வரும்போது 37-ஐத் தொட்டிருப்பார்.

பெர்லினும் போயிற்று, டெஸ்டும் போயிற்று. இரண்டு ஆட்டங்களில் நாட்டுக்கு ஆடியவருக்கு இனி மிச்சம் சேப்பாக்கம் மட்டுமே.

ஆனாலும் 1952-இல், சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கிய ஒரு போட்டிக்கு இந்த மனிதரின் பெயரைத்தான் வைத்தார்கள். ஒரே ஒரு டெஸ்ட் ஆடியவரின் பெயரில், கடல் தாண்டிய ஒரு கோப்பை!

இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளில் கோபாலன் என்ன செய்தார்? டெஸ்டே இல்லாத காலத்தில், யாரும் லார்ட்ஸுக்கு அழைக்காத காலத்தில், ஒரு வேகப்பந்து வீச்சாளர் தன் ஊரின் கிரிக்கெட்டை எப்படித் தோளில் சுமந்தார்?

(அடுத்த வாரம்)